அப்பாவுக்கு 71 வயது, லைசென்ஸ் முடிந்துவிட்டது: சொல்வதா, விட்டுவிடுவதா?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் ஊர் பள்ளிகொண்டா பக்கம். அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். நான் கல்யாணமாகி சத்துவாச்சாரியில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை சுகர் செக்கப்புக்கு அவரே கார் ஓட்டிக்கொண்டு வேலூர் வருவார், ஊருக்குள் டிவிஎஸ் எக்ஸ்எல். கார் என் கணவர் பெயரில் இருக்கிறது. போன வாரம் காரில் இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடும்போது அப்பாவின் லைசென்ஸ் கையில் கிடைத்தது. 66 வயதில் புதுப்பித்தது, முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, சொன்னால் கோபம் வருகிறது. 70-க்கு மேல் லைசென்ஸே தர மாட்டார்கள் என்கிறான் தம்பி. டாக்டரைப் பார்க்காமலே வாங்கித் தருகிறேன் என்கிறார் தெரிந்த புரோக்கர் ஒருவர். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் திரும்ப எட்டு போட்டுக் காட்ட வேண்டுமாமே, அதுவரை நான் வாய் திறக்காமல் இருந்துவிட்டால் அவர் தானாகவே ஓட்டுவதை விட்டுவிடுவார் இல்லையா? (பெயர் வேண்டாம், வேலூர்)

பதில்: வணக்கம் அம்மா. கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், வாய் திறக்காமல் இருக்காதீர்கள். இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

லைசென்ஸ் முடிந்தது அவருக்குத் தெரியாது, அதனால் வண்டியை அவர் நிறுத்தவும் இல்லை. நான்கு மாதமாகச் செல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து போய்க்கொண்டிருக்கிறார். நீங்கள் இன்னும் எட்டு மாதம் பேசாமல் இருந்தால் அந்த எட்டு மாதமும் அப்படியேதான் ஓட்டுவார். உங்களுக்கு இருக்கும் பயம் அவர் ஓட்டுவதைப் பற்றியது, ஆனால் நீங்கள் யோசித்திருக்கும் வழியில் ஒரு நாள்கூட அவர் ஓட்டுவது நிற்காது. பாதுகாப்புதான் போகும்.

முன்பெல்லாம் லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் வரை செல்லும் என்று சட்டத்திலேயே இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள், நிறைய பேருக்கு இது இன்னும் தெரியாது. இப்போது முடிந்த தேதிக்கு மறுநாளே அது இல்லாத லைசென்ஸ்தான். பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம். கார் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்ட வண்டி உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் அபராதம் போடும் ஒரு பிரிவு இருக்கிறது, மூன்று மாதம் வரை சிறை என்றும் அந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது. இவையாவது சமாளிக்கிற தொகை. விபத்து நடந்து ஒருவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று காட்டி அந்த மொத்தத்தையும் உரிமையாளரிடம் திரும்பக் கேட்க முடியும். நஷ்டஈடு லட்சக்கணக்கில் வந்து வீட்டை விற்க வேண்டிய நிலைக்குப் போனவர்களை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். மோட்டார் வாகன ஆய்வாளராக, நம் ஊரில் சொல்வதுபோல பிரேக் இன்ஸ்பெக்டராக, வேலை பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புதிய லைசென்ஸ் கைக்கு வரும்வரை கார் சாவியும் எக்ஸ்எல் சாவியும் அவரிடம் இருக்கக் கூடாது.

தம்பி சொல்வது தவறு. சொந்த வண்டி ஓட்ட இந்தியாவில் மேல் வயது வரம்பு கிடையாது, 70-க்கும் இல்லை, 80-க்கும் இல்லை. வயதைப் பொறுத்து மாறுவது லைசென்ஸ் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதுதான். 30 முதல் 50 வயதுக்குள் புதுப்பித்தால் பத்து வருடம், 50-லிருந்து 55-க்குள் என்றால் 60 வயது முடியும்வரை, 55-க்கு மேல் எந்த வயதில் போனாலும் ஐந்து ஐந்து வருடமாக. உங்கள் அப்பா 66-ல் புதுப்பித்தது 71-ல் முடிந்தது இந்தக் கணக்குதான். இப்போது கிடைத்தால் 76 வரை வரும்.

ஒரு வருடம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிந்த பிறகு ஒரு வருடம் வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், அதைத் தாண்டினால் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். ஆனால் முடிந்த பிறகு விண்ணப்பித்தால், புதுப்பித்த தேதியிலிருந்துதான் புதிய கணக்கு ஆரம்பிக்கும். நடுவில் போன மாதங்கள் பின்தேதியிட்டுச் சரியாகிவிடாது. அந்த மாதங்களில் ஏதாவது நடந்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாமல் நடந்ததுதான்.

விண்ணப்பம் பெரிய வேலை இல்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் வேலைகளுக்கான சாரதி பகுதிக்குப் போய், தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் விவரம் வந்துவிடும். புதுப்பிப்பதற்கு மத்திய விதிப்படி 200 ரூபாய், அட்டைக்கும் தாமதத்துக்கும் தனியாகச் சேரும், திரையில் காட்டுகிற தொகையைக் கட்டினால் போதும். ஆதார் மூலம் அடையாளம் உறுதி செய்கிறவர்களுக்கு, டெஸ்ட் தேவைப்படாத புதுப்பித்தலை அலுவலகத்துக்குப் போகாமலே முடிக்க வசதி இருக்கிறது. அதற்கு ஆதாரில் இருக்கும் கைபேசி எண் அப்பாவிடம் இப்போதும் இருக்க வேண்டும், பழைய எண்ணாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அட்டை தபாலில் வீட்டுக்கு வரும், கதவு எண், தெரு, பின்கோடு மூன்றையும் ஒருமுறை சரிபாருங்கள், கிராமத்து முகவரிகளில் இங்கேதான் அட்டை திரும்பிப் போகிறது. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வடாற்காடு மாவட்டம் என்று முத்திரை குத்திய பழைய கையெழுத்து லைசென்ஸ் புத்தகத்தை இன்னும் யாராவது வைத்திருந்தால், அதன் விவரம் சாரதியில் இருக்காது. லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் முதலில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய விவரத்தைச் சாரதியில் ஏற்றும் பதிவு, போட்டுக்கொண்ட பிறகுதான் புதுப்பிக்க முடியும்.)

இனி அந்த மருத்துவச் சான்றிதழ். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

40 வயது தாண்டியவர் புதுப்பிக்கும்போது பதிவு பெற்ற மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட ஃபார்ம் 1ஏ கட்டாயம். மருத்துவரே அதை சாரதியில் ஏற்றுகிற முறையும் வந்திருக்கிறது, அதனால் போகும் முன் போன் செய்து சாரதியில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தில் கேட்பது கொஞ்சம்தான். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, ஹார்ன் சத்தம் கேட்கிறதா, கை காலில் ஓட்டுவதற்கு இடைஞ்சலான குறை இருக்கிறதா, இந்த மாதிரி. இதோடு, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று விண்ணப்பதாரரே உறுதி கூறும் ஃபார்ம் 1 தனியாக இருக்கிறது.

71 வயதுக்காரருக்கும் 41 வயதுக்காரருக்கும் இதே படிவம்தான் அம்மா. சர்க்கார் பரீட்சை வைத்துத் தடுத்துவிடும் என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்கள், உண்மையில் சர்க்கார் கேட்பது ஒரு மருத்துவரின் கையெழுத்து மட்டும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் உண்மையான பரிசோதனை இருந்தால் உங்கள் அப்பாவுக்கு அது காப்பு. புரோக்கர் சொல்வது அந்த ஒன்றையும் எடுத்துவிடுகிற வேலை. அவரைப் பார்க்காத ஒரு டாக்டர் அவர் கண்ணுக்குச் சான்று கொடுப்பார், நாளைக்கு வழக்கு என்று வந்தால் பொய்ச் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர் என்று ஒரு வாத்தியார் பெயர் கோர்ட்டில் நிற்கும். புரோக்கரை இதோடு விட்டுவிடுங்கள்.

கண் பார்வையை வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து சாதாரண நடையில் 35 எட்டு வைத்தால் ஏறக்குறைய 25 மீட்டர் வந்துவிடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே, ஒரு கண்ணைக் கையால் மூடி ஒருமுறை, மற்றதை மூடி ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் காராக இருக்கட்டும். அவரவர் சொந்த வண்டியைக் காட்டினால் நம்பரை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், டெஸ்ட் கிரவுண்டில் ஒரு பெரியவர் எனக்கே அப்படிச் சொன்னார். வேறொரு ஜீப்பைக் காட்டிக் கேட்டதும் பேசாமல் நின்றார்.

ஆனால் நம்பர் பிளேட் படிப்பது நேர்பார்வை மட்டுமே. கண் நீர் அழுத்தம் இருப்பவர்களுக்குப் பக்கப் பார்வை முதலில் போகும், நேரே இருக்கும் எழுத்து கடைசிவரை தெளிவாகத் தெரியும். தெருவோரத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் இறங்குவதுதான் அவர்களுக்குத் தெரியாது. சர்க்கரை பல வருடம் இருந்தால் விழித்திரை பாதிக்கும், அதுவும் ஆரம்பத்தில் தெரியாது. கண்புரை வளர்ந்தால் பகலில் ஓரளவு ஓட்டிவிடுவார், இரவில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் கண்ணில் பட்டதும் சில வினாடி ஒன்றும் தெரியாது. அதனால் ஃபார்ம் 1ஏ-வுக்குப் போவதற்கு முன்பு முழுக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள், ஆரணி ரோட்டில் உள்ள சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையிலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ. கண்புரைதான் காரணம் என்றால் ஆபரேஷன் முடிந்து மருத்துவர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு நன்றாக ஓட்டுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, விழித்திரை பார்க்கக் கண்ணில் மருந்து விட்டால் பாவை விரிந்து பல மணி நேரம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும், அன்றைக்கு அவர் எந்த வண்டியையும் தொடக்கூடாது.

சுகர் செக்கப்புக்கு அவரே ஓட்டி வருகிறார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை என்றால் முந்தின இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் காலையில் கிளம்பி சுமார் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறாரா என்று கேளுங்கள், சில மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் சாப்பாடு இல்லாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், அதற்குள் யோசனை குழம்பிவிடும், வண்டியை ஓரம் கட்ட வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே ஆள் தடுமாறிவிடுவார். லைசென்ஸ் வந்த பிறகும் இந்த ஒரு பயணத்தை மட்டும் அவர் ஓட்டவே கூடாது. பஸ்ஸில் வரட்டும், அல்லது அரை நாளைக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் போடுங்கள்.

பாதத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும், கால் பிரேக்கில் இருக்கிறதா ஆக்சிலரேட்டரில் இருக்கிறதா என்பதும் சரியாக உணர முடியாது. கழன்று விழுகிற ரப்பர் செருப்பு போட்டு ஓட்டுகிறவராக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது ஷூ.

இதெல்லாம் மருத்துவர் பார்ப்பது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓட்டுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று எழுதினீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பயம் என்று பொதுவாகச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் கோபம்தான் வரும். லைசென்ஸ் வந்ததும் ஒரு நாள் பகலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரிலிருந்து வேலூர் வரை வாருங்கள், போன் பார்க்காமல், குறை சொல்லாமல். சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா, கண்ணாடியை மட்டும் பார்க்கிறாரா? கழுத்துப் பிடிப்பு இருப்பவர்கள் திருப்ப மாட்டார்கள், கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் பைக்காரன் வருவான். லேன் நடுவில் போகிறாரா, இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருகிறாரா? கிரீன் சர்க்கிளில் நாலு பக்கமும் வண்டி வரும்போது நிதானமாக முடிவெடுக்கிறாரா, திகைத்து நடுவில் நின்றுவிடுகிறாரா? செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் திடீரென்று ஒதுங்கும், அங்கே பிரேக்குக்குக் கால் எவ்வளவு நேரத்தில் போகிறது? பின்னால் இருந்து ஹார்ன் அடித்தால் கேட்கிறதா? பழக்கமான வழியில் எங்கே திரும்புவது என்று ஒருமுறையாவது யோசித்தாரா? இந்தக் கடைசி ஒன்று இருந்தால் ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஞாபகசக்தியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

காரையும் சுற்றிப் பாருங்கள். இடப்பக்க பம்பர், இடப்பக்கக் கதவு, இடப்பக்கக் கண்ணாடி, இங்கே புதிது புதிதாகக் கீறல் இருந்தால், அவை எப்படி வந்தன என்று அவருக்கே தெரியாவிட்டால், இடப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம். கீறல் இல்லை, நான் மேலே கேட்டதற்கெல்லாம் பதில் திருப்தியாக இருக்கிறது என்றால், உங்கள் பயத்தைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யுங்கள். எழுபதைத் தாண்டி அருமையாக, இருபது வயதுப் பையன்களைவிடப் பொறுப்பாக ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். தனியாக இருக்கும் மனிதர் அவர். கோயிலுக்கும் சந்தைக்கும் நினைத்த நேரத்தில் போய்வரும் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று ஊரிலிருந்து தள்ளி இருக்கிற நமக்குச் சட்டென்று தெரியாது.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. இரவு வேண்டாம், மழையில் வேண்டாம், ஹைவே வேண்டாம், பள்ளிகொண்டா வட்டாரத்துக்குள் பகலில் மட்டும் என்று பேசி முடிவு செய்துகொள்ளும் குடும்பங்கள் நிறைய. அவர் வாயிலிருந்தே அந்த முடிவு வரும்படி பேசுங்கள், அப்போதுதான் நிற்கும். லைசென்ஸில் கார், டூவீலர் இரண்டு வகுப்பும் இருந்தால் ஒன்றை மட்டும் ஒப்படைத்துவிடவும் சாரதியில் வழி உண்டு. டூவீலரில் பாலன்ஸ் போய், கார் நன்றாக ஓட்டுகிறவர்களுக்கு இது உதவும்.

எக்ஸ்எல் சின்ன வண்டிதானே, அதற்கு எதற்கு லைசென்ஸ் என்று அவர் கேட்பார், கட்டாயம் கேட்பார், எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டும். கிராமத்துக்குள் என்றாலும் வேண்டும். லைசென்ஸ் தேவைப்படாதது 250 வாட்டுக்குக் குறைவான, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத பேட்டரி ஸ்கூட்டர் மட்டும்தான். அதையும் கண்ணும் காதும் சரியாக இருப்பவர்தான் ஓட்ட வேண்டும்.

மருத்துவர் முடியாது என்று சொல்லிவிட்டால் இன்னொரு மருத்துவரைத் தேடி அலையாதீர்கள். கண்ணாடி மாற்றினாலோ ஆபரேஷன் செய்தாலோ சரியாகுமா என்று மட்டும் கேளுங்கள், சரியாகும் என்றால் ஒரு வருட கெடு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் செய்துகொண்டு போகலாம். சரியாகாது என்றால் அந்தச் செய்தியை அவருக்கு மருத்துவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதே நாளில், மாதம் எத்தனை முறை வேலூர் வர வேண்டும், யார் கூட்டி வருவது, எந்த ஆக்டிங் டிரைவருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் தயாராக உங்கள் கையில் இருக்க வேண்டும், தம்பியும் அதில் பங்கு எடுக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார்.

அவரிடம் பேச்சை எடுக்கும்போது வயதில் ஆரம்பிக்காதீர்கள். "அப்பா, லைசென்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, வாங்க கண் டாக்டரைப் பார்த்துட்டுப் புதுப்பிச்சுடலாம்" என்று சொல்லுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை, அவரைத் தடுக்க வந்ததாகவும் தோன்றாது. வாத்தியாராக இருந்தவர், விதியைக் காட்டினால் கேட்பார். பரிசோதனையில் என்ன வருகிறது என்று எனக்கு எழுதுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி அடுத்தது சொல்கிறேன்.